கூட்டத்தின் உபயகாரர்

மைக்கை இயக்கியதும் "ஹலோ, ஹலோ" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆள்காட்டி விரலின் நகத்தால் ஒருமுறை தட்டுவார். வேப்பமரத்தின் மேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருக்கும் கணவர் கையை உயர்த்திக் காட்டுவார். அதற்குப் பிறகு வரும் முதல் வசனம் எப்போதும் யாரோ ஒருவருடைய பெயரில்தான் தொடங்கும். இன்னார் இதைத் தந்தார் என்பதுதான் அந்த வசனம்.

கண்டாவளைப் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு குடியேற்றக் கிராமத்தில் அவரும் கணவரும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் அவர் மைக்கக்கா. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிவரும் ஒரு நாளிதழுக்குக் கிளிநொச்சி நிருபர். நிருபர் போகும் இடங்களும் ஒலிபெருக்கிக்காரர் போகும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றுதான்: திருவிழா, விளையாட்டுப் போட்டி, கட்டடத் திறப்பு, செத்தவீடு, தேர்தல் கூட்டம். மேடைக்குப் பின்னால் இருவருக்கும் ஒரே தட்டில் வடை வரும். பழக்கம் அப்படித்தான் ஏற்பட்டது.

கணவர் பேசாத மனிதர். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டுவது, வயர் இழுப்பது, மரம் ஏறுவது எல்லாம் அவர். மண்ணில் நடக்கும் எல்லாம் மைக்கக்கா. வெள்ளைப் பொட்டுப் போட்ட நீலச் சேலை ஒன்றை விசேடங்களுக்கு வைத்திருந்தார். அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டத்தில் இருந்து கலவரக் காலத்தில் வன்னிக்கு வந்தவர்கள். அதனால் அவரிடம் மூன்று தமிழ் இருந்தது. தாயுடன் மலையகப் பேச்சு, கடையில் வன்னிப் பேச்சு, மைக்கில் புத்தகத் தமிழ். ஒன்றில் இருந்து மற்றதற்கு அவர் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு மற்ற அறைக்குப் போவது போல இருக்கும்.

கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசை, மேளம், மாலை, அன்னதானம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் செலவு. உபயகாரரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுவது எல்லா ஊரிலும் உள்ள வழமை. மைக்கக்கா சொன்ன விதம்தான் வேறு. கனடாவில் இருந்து ஒருநாள் திருவிழா முழுவதையும் பொறுப்பெடுத்தவரையும், தன் வீட்டு வளவில் வெட்டிய ஒரு வாழைக்குலையைக் கொண்டுவந்து வைத்தவரையும் அவர் ஒரே வேகத்தில், ஒரே நீளத்தில் சொல்லுவார். கனடாக்காரரின் தம்பி ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார், தமையனின் பெயரை இன்னும் இரண்டு தரமாவது சொல்லக் கூடாதா என்று.

"சொல்லலாம். அப்ப வாழைக்குலைக்காரரையும் மூண்டு தரம் சொல்லோணும். சாமி உள்ளுக்கையே நிக்கும், பரவாயில்லையோ?" என்று கேட்டார் மைக்கக்கா.

'அன்பர் ஒருவர்' என்ற சொல் அவருக்கு ஆகாது. அரிசி ஆலைக்காரர் ஒருவர் அன்னதானத்துக்கு மூட்டைகள் இறக்கிவிட்டு, தனக்கு விளம்பரம் வேண்டாம், அன்பர் என்று சொன்னால் போதும் என்றார். அடக்கமான மனிதர் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். மைக்கக்கா மைக்கை மூடிவிட்டுச் சொன்னார்: "நல்லது செய்யிறதுக்கு வெக்கப்படாதேங்கோ ஐயா. வெக்கப்படுற அலுவல் எண்டா மூட்டையை ஏத்திக்கொண்டு போங்கோ." ஆலைக்காரர் மூட்டையை ஏற்றவில்லை. பெயர் சொல்லப்பட்டது. அந்த வாரம் ஆலையில் நெல் நிறுத்ததில் குறைவு என்று விவசாயிகள் அவருடன் தகராறில் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

செத்தவீடு ஒன்று நினைவில் இருக்கிறது. இறந்தவரின் மகளும் மகனும் எல்லை வேலி ஒன்றுக்காகப் பல வருடங்களாகப் பேச்சில்லாமல் இருந்தவர்கள். மகன் முற்றத்துக்குள் வராமல் வீதியில் நின்றார். பந்தலும் சனம் இருக்க வாங்குப் பலகைகளும் அவர்தான் ஒழுங்கு செய்தவர், யாருக்கும் சொல்லாமல். இறுதி ஊர்வல நேரத்தை அறிவித்த மைக்கக்கா, அதே குரலில் பந்தல் தந்தவரின் பெயரையும் சொன்னார். அழுதுகொண்டிருந்த மகள் தலையை உயர்த்திப் பந்தலைப் பார்த்தார். பின்னேரம் இருவரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். பேசவில்லை. இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தாங்கி திறந்த நாளில் இதே பழக்கம் வேறுவிதமாக வேலை செய்தது. கல்லில் 'அன்பளிப்பு' என்று பொறித்து, அதன் கீழ் ஒரு அரசியல்வாதியின் பெயர் இருந்தது. பணம் அவருடைய பையில் இருந்து வந்ததல்ல. தொகுதி வேலைகளுக்கென்று அரசாங்கம் ஒதுக்கும் நிதி. மைக்கக்கா பள்ளிக்கூட அதிபரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு மைக்கில் சொன்னார்: "இந்தத் தண்ணீர்த் தாங்கி பொதுமக்களின் வரிப்பணத்தில் கட்டப்பட்டது. அதைத் திறந்து வைப்பதற்கு வருகை தந்திருப்பவர்..." அரசியல்வாதி சிரித்துக்கொண்டே நாடாவை வெட்டினார். அதிபர்தான் வியர்த்துப் போனார். அடுத்த வருடம் விளையாட்டுப் போட்டிக்கு வேறு இடத்தில் இருந்து ஒலிபெருக்கி வந்தது.

அவரை எனக்குப் பிடிக்கும் என்று எழுதுவது சுலபம். பிடிக்காமல் போன நாளும் இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடைத் துணி கொடுத்த ஒரு நிகழ்வில், தந்தவரின் பெயரைச் சொன்ன கையோடு பெற்றுக்கொண்ட பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு தாய் நடுவில் எழுந்து மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். துணி மேடையில் கிடந்தது. அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தத் தாய் மைக்கக்காவைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார். மைக்கக்கா அவர் வீட்டுப் படலை வரை போனார். படலை திறக்கவில்லை. அன்றில் இருந்து அவருடைய பழக்கத்தில் ஒரு கட்டுப்பாடு சேர்ந்தது. தந்தவரின் பெயரைச் சொல்லுவார். வாங்கியவரின் பெயரைச் சொல்லமாட்டார். அதில் யாருக்கும் விலக்கு இல்லை.

பிறகு அந்த உள்ளூராட்சித் தேர்தல் வந்தது.

தெற்கில் தலைமையகம் உள்ள ஒரு கட்டுமானக் கம்பனி எங்கள் ஆற்றில் மணல் அகழ விண்ணப்பித்திருந்தது. மணலுக்கு அனுமதி கொடுப்பது வேறு திணைக்களம். ஆனால் ஆற்றங்கரைக்குப் போகும் கிரவல் வீதி பிரதேச சபையினுடையது. அதில் டிப்பர்கள் ஓட வேண்டுமானால் சபை சம்மதிக்க வேண்டும். அந்தச் சபைக்குத்தான் தேர்தல்.

மணல் போனால் என்ன நடக்கும் என்பது ஊருக்குத் தெரியும். ஆற்றில் மணல் தடிப்பாக இருக்கும்வரைதான் கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர். அது குறைந்தால் கடல்நீரேரியின் உப்பு உள்ளே வரும். கீழே இருக்கும் அயல் கிராமத்தில் மணல் வாரிய பிறகு தேத்தண்ணிக்கும் தண்ணீர் கொண்டுவரும் பவுசரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பனியின் விண்ணப்பம் பற்றி நான் எழுதியது ஐந்தாம் பக்கத்தில் வந்தது. வாசித்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு, மீன் விலைக்கும் சினிமாவுக்கும் பக்கத்தைத் திருப்பினார்கள்.

எங்கள் வட்டாரத்தின் வேட்பாளர்களில் ஒருவர் கூட்டுறவுச் சங்கக் கடையின் முகாமையாளர். நாற்பது வயதுக்குள். வெள்ளத்தின்போது கடையைப் பூட்டாமல் வைத்திருந்தவர் என்று நல்ல பெயர். சைக்கிளில் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வாகனம் வந்தது. சந்திகளில் அவருடைய படம் ஆள் உயரத்துக்கு எழும்பியது. கட்சி தந்திருக்கும் என்று சனம் நினைத்தது. கட்சி தந்தது கொடிகள் மட்டும் என்று கட்சிக்காரரே எனக்குச் சொன்னார்கள்.

முதல் பெரிய கூட்டத்துக்கு மைக் கேட்டு வந்தவர் வேட்பாளர் அல்ல. நல்ல தமிழ் பேசும் ஒரு கண்ணியமான மனிதர், வவுனியாவில் இருந்து. வந்த வாகனத்தின் கதவில் கம்பனியின் பெயர் இருந்தது. ஒலிபெருக்கிக்காரியிடம் மறைக்க அவருக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. வாடகையை முற்பணமாகவே கொடுத்தார். ஒரு வேண்டுகோள் மட்டும்: ஆரம்பத்தில் 'ஏற்பாடு: நலன்விரும்பிகள்' என்று ஒரு வசனம் சொன்னால் போதும்.

"ஆரின்ர நலனை?" என்று மைக்கக்கா கேட்டார்.

அவர் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு இதை மைக்கக்காவே சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

கூட்டம் ஒரு பின்னேரம், பொதுநோக்கு மண்டபத்துக்கு முன்னால். உறை போட்ட கதிரைகள், வரிசை வரிசையாக விளக்குகள், மேடைக்கு அருகே கொத்துரொட்டிப் பொதிகள் அடுக்கிய மேசை. வேட்பாளர் புதுச் சட்டையில் நின்றார். கழுத்துப் பட்டி உறுத்தியிருக்க வேண்டும், விரலால் அடிக்கடி இழுத்துவிட்டார். மைக்கக்கா அவரிடம் போய், உபயம் யாருடையது என்று சொல்லுவது என்று கேட்டார்.

"அக்கா, இது கோயில் இல்லை."

"மைக் அதுதானே தம்பி."

யாரோ கூப்பிட வேட்பாளர் அந்தப் பக்கம் போனார். மைக்கக்கா மேடை ஓரத்துக்கு வந்து நகத்தால் ஒருமுறை தட்டினார். மரத்தில் கை உயர்ந்தது.

"இன்றைய கூட்டத்துக்கு மேடை, கதிரைகள், மின்விளக்குகள், சாப்பாட்டுப் பொதிகள் ஆகியவற்றின் உபயகாரர், எமது ஆற்றில் மணல் அகழ விண்ணப்பித்திருக்கும் கம்பனியார். ஒலிபெருக்கி வாடகையும் அவர்களே தந்தார்கள். அதை வாங்கியது நான்."

கம்பனியின் பெயரையும் சொன்னார், கதவில் எழுதியிருந்தபடி. வாங்கியவர் பெயரைச் சொல்லுவதில்லை என்ற கட்டுப்பாட்டைத் தன் விஷயத்தில் மட்டும் மீறினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. உபய அறிவித்தலை யாரும் முழுக் காதால் கேட்பதில்லை. அது முடியட்டும் என்று இருப்பார்கள். பிறகு மூன்றாவது வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். ஆற்றங்கரையில் கச்சான் கடலை பயிரிடும் வயதான மனிதர்.

"தங்கச்சி, எந்தக் கம்பனி? எங்கட கரையில கம்பி நட்டு அளந்தவையோ?"

"ஓம் அண்ணை. அவைதான்."

"அப்ப இந்தக் கதிரை?"

"அவையின்ரதான்."

அவர் கதிரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு போய் மண்டபச் சுவரோடு நிலத்தில் இருந்தார். இன்னும் சிலர் எழுந்து போனார்கள். பெரும்பாலானோர் எழும்பவில்லை. கதிரைகள் வசதியானவை. ஆனால் அதற்குப் பிறகு இருந்தவர்கள் எல்லோரும் கதிரையின் நுனியில் இருந்ததைக் கண்டேன்.

வேட்பாளர் பத்திரமாகப் பேசினார். வீதி விளக்கு, மதகு, வாசிகசாலை. கம்பனியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கொத்துரொட்டிப் பொதிகளில் பாதி மேசையிலேயே மிஞ்சியது. கண்ணியமான மனிதர் வாகனத்துக்குள் இருந்து தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்.

நான் செய்தி அனுப்பினேன். ஆசிரியபீடம் கம்பனியின் பெயரை எடுத்துவிட்டு 'தனியார் நிறுவனம் ஒன்று' என்று போட்டது. மைக்கக்கா பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பேப்பர்காரர், உங்கட இடத்திலயும் அன்பர்தானோ?"



அந்த அறிவித்தலின் விலை அவருக்கு உடனே வந்தது. எந்தக் கட்சியும் மிச்சக் கூட்டங்களுக்கு மைக் கேட்கவில்லை. தங்கள் உபயகாரர் யார் என்று சொல்ல ஒருவருக்கும் விருப்பமில்லை என்பதுதான் காரணம் என்று எனக்குப் பட்டது. கோயில் பரிபாலன சபைத் தலைவர் அடுத்த திருவிழாவுக்கு வேறு ஆளைப் பேசிவிட்டார். கம்பனி கோயிலுக்கு ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தது. தோட்டத்தில் இருந்து வந்தவர்களுக்கு இவ்வளவு வாய் கூடாது என்று தலைவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். திருவிழாக் காலம்தான் அந்த வீட்டின் வருட வருமானம். லான்ட்மாஸ்டர் தகரக் கொட்டிலுக்குள் நின்றது. ஏற மரம் இல்லாமல் கணவர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் நான் அங்கே இருக்கும்போது வேட்பாளர் சைக்கிளில் வந்தார். வாகனத்தைக் காணவில்லை. மைக்கக்கா கதிரை எடுத்துப் போட்டார், குசினிக்குப் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். அவர் குடிக்கவில்லை.

"அக்கா, என்னை விழுத்திப் போட்டியள்."

"உம்மட பேரை நான் சொன்னனானோ தம்பி?"

"சொல்லேல்லை. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கிப் போச்சு."

"அப்ப விளங்கப்படுத்தினது நான் இல்லை."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். களைத்துப் போயிருந்தார். தான் கேட்டுப் போகவில்லை, அவர்களாகவே வந்து தந்தார்கள் என்றார். வேண்டாம் என்று சொல்லவும் இல்லை என்றார். எதிரில் நிற்பவருக்குப் பின்னால் ஒரு பெரிய கடைக்காரர் நிற்கிறார். ஒரு கூட்டுறவுக் கடை முகாமையாளரின் சம்பளத்தில் எத்தனை சுவரொட்டி ஒட்ட முடியும்? "காசில்லாமல் எலெக்சன் கேக்கேலாது அக்கா. நீங்களும் வாடகை இல்லாமல் மைக் தரமாட்டியள்."

"தரமாட்டன்" என்று மைக்கக்கா உடனே ஒத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "அவை உம்மட்டை ஏதும் கேட்டவையோ?"

"இன்னும் இல்லை."

"கேட்டால்?"

அவர் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். நன்றாக ஆறியிருக்கும். கோப்பையை வைத்துவிட்டு, சனிக்கிழமை மைக் இருக்கிறதா என்று கேட்டார்.

"உம்மட ஆக்களின்ர புண்ணியத்தில எல்லா நாளும் இருக்குது. வாடகை ஆர் தாறது?"

"நான்தான். சங்கத்தில வேலை செய்யிற ரெண்டு பேர் கொஞ்சம் போடுவினம்."

"அவையின்ர பேரைச் சொல்லும்" என்றார் மைக்கக்கா. பாடமாக்கிக்கொண்டார்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கதிரை எடுக்கக் காசு இல்லை. அதனால் வருபவர்கள் தங்கள் வீட்டுக் கதிரையைக் கொண்டுவரும்படி சொல்லியிருந்தார்கள். சைக்கிள் கரியரில் கவிழ்த்துக் கட்டியும், மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் தலையில் பிடித்துக்கொண்டும் கதிரைகள் வந்தன. ஒரு கால் வளைந்தது, முதுகு நைலோன் கயிற்றால் பின்னியது, பிள்ளைகளின் குட்டிக் கதிரை. அவற்றை முற்றத்தில் போட்டபோது அது கூட்டம் மாதிரி இல்லை, யாரோ வீடு மாறுவது மாதிரி இருந்தது.

மைக்கக்கா எல்லாவற்றையும் சொன்னார். இன்ன வீட்டுக் கதிரைகள், இன்ன வீட்டுப் பாய், இன்னாருடைய தேத்தண்ணிக் கேத்தில், சீனி தந்தவர் இன்னார். அயலில் ஒரு பெண் எதிர்க்கட்சிக்கு வாக்குப் போடுபவர். கதிரை மட்டும் தருவேன், வோட்டுத் தரமாட்டேன், இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார். மைக்கக்கா இரண்டையும் சேர்த்துச் சொன்னார். சனம் சிரித்தது. அறிவித்தல் நீண்டுகொண்டே போனது. வேட்பாளரின் பேச்சை விட அது நீளம். அதைத்தான் சனம் கவனமாகக் கேட்டது. தன் பெயர் வரும்வரை ஒருவரும் எழும்பவில்லை. வந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் வருகிறதா என்று இருந்தார்கள்.

வேட்பாளர் வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். மதகைப் பற்றிப் பேசினார். கம்பனியைப் பற்றி அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். மைக்கக்காவும் கவனித்திருந்தார்.

"இன்னும் தொண்டையில நிக்குது" என்றார், வயரைச் சுருட்டிக்கொண்டு.

வேட்பாளர் வென்றார், மயிரிழையில். ஆனால் கம்பனி ஒரு வேட்பாளரில் மட்டும் காசைப் போட்டிருக்கவில்லை என்று பேச்சு இருந்தது. சபைக்கு யார் யார் காசு வாங்கிய கையுடன் போயிருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தேர்தல் செலவுக்கு வேட்பாளர்கள் கணக்குக் காட்ட வேண்டும் என்று நாட்டில் சட்டம் வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான். அன்றைக்குக் கேட்பதற்கு மைக்கக்காவைத் தவிர ஆள் இல்லை.

இதற்கிடையில் திருவிழா வந்து போனது. புதிதாகப் பேசிய ஒலிபெருக்கிக்காரர் பெரிய பெட்டி ஸ்பீக்கர்களும் வண்ண விளக்குகளும் கொண்டுவந்தார். பாட்டு நன்றாகப் போட்டார். கனடாக்காரரின் பெயரைப் பாட்டுக்குப் பாட்டு சொன்னார். மற்றவர்களைச் சேர்த்து 'மற்றும் பல நலன்விரும்பிகள்' என்று முடித்துவிட்டார். வாழைக்குலை தந்தவர், பூ கட்டியவர், விறகு ஏற்றி இறக்கியவர் எல்லோரும் மூன்றாம் நாளே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசி நாட்களில் அன்னதானத்துக்கு மரக்கறி வருவது குறைந்தது. திருவிழா முடிந்த கையோடு பரிபாலன சபைத் தலைவர் தானே மைக்கக்காவின் வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடத்துக்குத் திகதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அத்திவாரம் வெட்டியிருந்தார்கள். கட்டி முடித்தால் யார் கட்டியது என்று மைக்கில் சொல்லப்படும் என்பது கம்பனிக்கும் கோயிலுக்கும் தெரியும். அந்த அத்திவாரத்துக்குள் மழைத் தண்ணி நின்றதை நான் கடைசியாகப் பார்த்தேன்.

சபையில் ஆற்றங்கரை வீதி விடயம் எடுக்கப்பட்ட நாளை நான் அன்று ஒரு வசனத்தில் எழுதினேன்: கனரக வாகனங்களுக்கு வீதியைப் பயன்படுத்தச் சம்மதம் கோரிய விண்ணப்பம் தீர்மானம் இன்றி ஒத்திவைக்கப்பட்டது. நான் மாற்றலாகிக் கிளிநொச்சியை விட்டுப் போகும்வரை அது மறுபடி எடுக்கப்படவில்லை. இப்போது அந்தப் பக்கம் போகும் நண்பர்களிடம் கேட்கிறேன். வீதி இன்னும் கிரவல்தான், கிணறுகளில் தண்ணீர் குடிக்கக்கூடியதாக இருக்கிறது என்கிறார்கள். அந்த ஒரு வசனத்துக்குள் அடங்காதது இதுதான்.

சபை மண்டபத்தில் பின்னால் பார்வையாளர்களுக்குச் சில வாங்குகள் உண்டு. வழமையாக அவற்றில் நிருபர்கள் மட்டும் இருப்போம். அன்று ஊரில் இருந்து கொஞ்சப் பேர் வந்திருந்தார்கள். கச்சான்காரர் இருந்தார். மைக்கக்கா நீலச் சேலையில், கையில் மைக் இல்லாமல், அந்நிய இடத்துக்கு வந்தவர் போல இருந்தார். தவிசாளர் விண்ணப்பத்தை வாசித்தார். கம்பனி தன் செலவில் வீதியைத் தார் போட்டுத் தருவதாகவும் அதில் எழுதியிருந்தது. ஒருவர் பிரேரித்தார், இன்னொருவர் ஆமோதித்தார். எல்லாம் விரைவாக நடந்தது. கை உயர்த்தும்படி தவிசாளர் சொல்ல வாயெடுத்தபோது எங்கள் வட்டாரத்து உறுப்பினர் எழுந்தார்.

முன்மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் வெளியே வரவில்லை. உதடு அசைந்ததைக் கண்டேன். மேலே மின்விசிறி பெரிய சத்தத்தோடு சுற்றியது.

"பின்னுக்குக் கேக்கேல்லை" என்றார் மைக்கக்கா.

பார்வையாளர்கள் பேச அனுமதி இல்லை என்று செயலாளர் எழுந்து சொன்னார். மைக்கக்கா இருந்த இடத்திலேயே இருந்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. உறுப்பினர் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் இருந்து தொடங்கினார்.

"கௌரவ தவிசாளர் அவர்களே, எனது தேர்தல் கூட்டம் ஒன்றுக்கு இந்தக் கம்பனி செலவு செய்தது. வாகனமும் தந்தது. வாங்கியது நான். அதைச் சொல்லாமல் இந்த விடயத்தில் கை உயர்த்த எனக்கு மனம் இல்லை. மற்ற உறுப்பினர்களுக்கும் அப்படி ஏதும் இருந்தால், சொல்லிவிட்டு உயர்த்துவது நல்லது."

ஆமோதித்தவர் தன் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். பிரேரித்தவர், இது சபைக்குப் பொருத்தமில்லாத பேச்சு என்று தவிசாளரிடம் முறையிட்டார். தவிசாளர் கடதாசிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுத்த விடயத்துக்குப் போகலாமா என்று செயலாளரைக் குனிந்து கேட்டார்.

அப்போது இரண்டாவது வரிசையில், வேறொரு கட்சியைச் சேர்ந்த பெண் உறுப்பினர் ஒருவர் கதிரையைப் பின்னால் தள்ளினார். சபையில் அதுவரை வாய் திறந்திராதவர். எழுந்து நின்றார். பேசத் தொடங்குமுன் கழுத்தைத் திருப்பிப் பின் வாங்குகளைப் பார்த்தார்.

"கேக்குதோ?" என்று கேட்டார்.